ஓட்டுப் போட வந்தவள்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் இருந்தவரை நான் ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஓட்டுச்சாவடி. ‘வெயில் தாழ்ந்ததும் போகலாம்’ என்று படுப்பேன். எழுந்திருக்கும்போது இயந்திரத்துக்கு அரக்கு வைத்து வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து, அடுத்தவர் ரத்தத்தைக் குழாய் குழாயாகக் குலுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குள் இருந்த குடிமகள் விழித்துக்கொண்டாள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் ஊரில் வாக்காளராகப் பதிந்துகொள்ளத் தனியாக ஒரு படிவம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அப்பா அம்மா அப்போது ஸ்ரீரங்கம் வீட்டிலேயே இருந்தார்கள். விசாரிக்க வந்தவரிடம் அப்பா ஆமாம் என்று சொல்ல, பட்டியலின் கடைசிப் பக்கத்தில் என் பெயர் ஏறியது. ஒரே ஒரு நிபந்தனை: தபாலில் போட முடியாது, கணினியில் போட முடியாது, அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும்.

“ஒரு ஓட்டுக்கு பிளேன் டிக்கெட்டா?” என்றாள் அறைத்தோழி ஸ்டெல்லா.

“உரிமைடி” என்றேன். மூன்று வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில், கேன்டீனில், ரத்தம் எடுக்க வந்து கையை நீட்டியிருந்தவர்களிடம்கூட. (ஊசியைப் பார்த்துப் பயந்தவர்களைவிட என் பேச்சைக் கேட்டுப் பயந்தவர்கள் அதிகம்.) கடைசியில் தேர்தல் வந்தபோது, போகாமல் இருந்தால் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்ற நிலை.

வீட்டில் சொல்லவில்லை. அதற்குள் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அம்மாவோடு ஓசூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு இருபத்தொன்பது வயது. வருகிறேன் என்று சொன்னால் அம்மா நாலு ஜாதகத்தோடு திருச்சியில் வந்து நிற்பாள். காலையில் இறங்கி, ஓட்டைப் போட்டு, அடுத்த நாள் விமானத்தில் திரும்புவதாகத் திட்டம்.

என் உடையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விரலில் வைக்கும் மை படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று தூய வெள்ளையில் சுடிதார் தைத்திருந்தேன். துப்பட்டாவும் வெள்ளை. கிளம்புவதற்கு முன் தலைக்குக் குளித்தது காயாததால் முடியை விரித்து விட்டிருந்தேன். இடுப்பு வரைக்கும் தொங்கும். காலில் கொலுசு வேறு. விமானக் கழிவறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது தேவதை மாதிரி இருப்பதாக நினைத்தேன்.

திருச்சியில் இறங்கியபோது விடிந்திருந்தது. டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

“அம்மா மண்டபத்துல இறக்கணுங்களா? காரியமா?” என்றார். காவிரிக்கரையில் இறந்தவர்களுக்குச் சடங்கு செய்யும் இடம் அது. எங்கள் சந்து அதற்குப் பக்கத்தில்தான்.

“இல்லீங்க. ஓட்டுப் போட வந்திருக்கேன்.”

“சிங்கப்பூர்லேர்ந்தா? ஒரு ஓட்டுக்கா?”

“ஒண்ணுதானே போட விடுறாங்க?”

அதற்கப்புறம் அவர் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை. பாலத்தில் எங்களைத் தவிர வேறு வண்டியே இல்லை. கீழே காவிரி வெறும் மணல். நடுவில் ஒரு கோடு தண்ணீர், அசைகிறதா இல்லையா என்று தெரியாமல். கடைகளெல்லாம் அடைத்திருந்தன. எனக்குத் தெரிந்த வீடுகள் இருந்த இடங்களில் நாலு மாடிக் குடியிருப்புகள் நின்றன. பழைய மனிதர் ஒருவரும் கண்ணில் படவில்லை.

சந்து முனையில் ஒரு பூக்காரம்மா சரம் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் விரல்கள் அப்படியே நின்றன. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து, ஒரு முழத்துக்கு மேலேயே மல்லிகையைக் கிள்ளி, இரண்டு கையாலும் நீட்டினாள். காசு கொடுத்தால் வாங்க மறுத்துப் பின்னாலேயே நகர்ந்துபோனாள். ‘நம்ம ஊர் ஜனங்களுக்கு எவ்வளவு பிரியம்!’ என்று பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். (வெள்ளை உடை, விரித்த கூந்தல், கொலுசு. மல்லிகை மட்டும்தான் பாக்கி இருந்தது.)

ஓட்டுச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் பத்துப் பதினைந்து பேர். நான் போய்க் கடைசியில் நின்றதும் முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவளும். கொஞ்ச நேரத்தில் எனக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அளவு இடம். எனக்குப் பின்னால் வந்தவர்களும் அதே தூரத்தில் நின்றுகொண்டார்கள். வேப்பமரத்தில் காக்கை கத்துவது மட்டும் கேட்டது. எல்லோரும் என் காலையே பார்த்தார்கள்.

செருப்பு புதிது. கொஞ்சம் விலையும்கூட. அதைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் காலை இன்னும் நன்றாகத் தெரியும்படி நீட்டி வைத்தேன். ஒருத்தி குனிந்தே பார்த்தாள். பாதம் தரையில் படுகிறதா என்று சோதித்திருக்கிறாள். அது எனக்கு அன்று சாயங்காலம்தான் புரிந்தது.

கடைசியில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் துணிந்து நாலடி தள்ளி வந்து நின்று, கைகூப்பி, அழுகிற குரலில் கேட்டார்: “என்னம்மா வேணும் உனக்கு? எதுக்கும்மா வந்தே?”

“ஓட்டுப் போடத்தாங்க” என்றேன்.

அவர் வரிசையை விட்டே போய்விட்டார்.

உள்ளே முதல் மேஜையில் இருந்த அலுவலர் என் பாஸ்போர்ட்டை வாங்கி, வாக்காளர் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ‘வெளிநாடு வாழ் வாக்காளர்’ என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர். என் பெயர். பெருமையாக இருந்தது. அவர் இன்னொரு தாளை எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலைமை அலுவலரிடம் கொண்டுபோனார்.

தலைமை அலுவலர் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து தேர்தல் வேலைக்கு வந்திருந்த தலைமையாசிரியர். சாதுவான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க இறந்துட்டீங்க.”

“எப்போ?” என்றேன். (அப்போது எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.)

“தேதி போடலைங்க.”

ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று ஒரு தனிப் பட்டியல் சாவடியில் இருக்கும். வாக்காளர் சீட்டுக் கொடுக்க வீடு வீடாகப் போனவர் விசாரித்து எழுதுவது. அதில் என் பெயருக்கு நேரே ‘இறந்தவர்’ என்று இருந்தது. “அது பரவாயில்ல, பாஸ்போர்ட் இருக்கு, உறுதிமொழி வாங்கிக்கிட்டு விட்டுடலாம்” என்று தலைமையாசிரியர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சுவரோரம் உட்கார்ந்திருந்த கட்சி முகவர் ஒருவர் எழுந்தார். முரளி என்று பெயர்.

“ஆட்சேபம் சார்” என்றார், என்னைப் பார்க்காமலே. “அந்தப் பொண்ணு தவறிடுச்சு சார். அந்த வீட்டுல போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கு எரியுது. வெள்ளிக்கிழமை பொங்கல், நானே வாங்கிச் சாப்பிட்டிருக்கேன்.”

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. என் போட்டோவா? என் பெயரில் பொங்கலா?

முரளி சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து மேஜையில் வைத்தார். ஒருவருடைய ஓட்டை ஆட்சேபிக்க அதுதான் கட்டணமாம். நான் செத்தவள் என்று நிரூபிக்க இரண்டே ரூபாய்! அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. எழுந்து நின்று, மூன்று வருடம் ஒத்திகை பார்த்த பேச்சை ஆரம்பித்தேன்.

“இது என் உரிமை! எவ்வளவு தூரத்துலேர்ந்து தெரியுமா? கடல் தாண்டிப் பறந்து வந்திருக்கேன்!”

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் குரல் மெதுவாகச் சொன்னது: “பறந்துதான் வந்துச்சாம்.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தலைமையாசிரியர் தண்ணீர் கொடுத்தார். “எனக்கு இங்க யாரையும் தெரியாதும்மா. ஆட்சேபம்னு வந்துட்டா நான் விசாரிக்கணும். அந்த வீட்டுல இப்ப இருக்கிறவங்க யாராவது வந்து நீங்கதான்னு சொல்லட்டும். போதும்.”

வீட்டுக்கு நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. சந்தில் ஈ காக்கை இல்லை. ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் நான் நெருங்கும்போது திறந்திருந்து, தாண்டும்போது மூடிக்கொண்டது. எங்கள் வீட்டு வாசல் கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் பெரிய இட்லிக் கொப்பரைகள் கவிழ்த்து வைத்திருந்தன. குடியிருப்பவர்கள் இட்லி வியாபாரம் செய்கிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார்.

“யாருங்க உள்ள?” என்றேன். கரண்ட் போயிருந்தது. கொல்லைப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு, உடனே நின்றது. சாம்பிராணி வாசனை என் பழைய அறையிலிருந்து வந்தது.

உள்ளே இருட்டு. சின்ன விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நான் இருந்தேன்.

பதினெட்டு வயதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோவில், தாவணி கட்டி எடுத்துக்கொண்ட படம். அம்மா ஆசையாகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாள். எனக்குப் பிடிக்காமல் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் தள்ளியிருந்தேன். இப்போது அதன் நெற்றியில் குங்குமம். கழுத்தில் வாடாத மாலை. கீழே தட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்கள், மடித்து வைத்த புதுப் பாவாடை, வெற்றிலை. சுவர் முழுக்கத் தாள்கள் குத்தியிருந்தன. குனிந்து படித்தேன். ப்ளஸ் டூ ஹால் டிக்கெட் நகல். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. குவைத்துக்கு யாரோ போட்ட விசா விண்ணப்பம். ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டுகிற பட்டை. ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால்: ‘ரம்யாவுக்குக் காய்ச்சல் நிக்கணும்.’

நிமிர்ந்தேன். படத்தின் கண்ணாடியில் என் இன்றைய முகம், அந்தப் பழைய முகத்தின் மேல் விழுந்தது. விளக்கு ஆடியபோது இரண்டும் ஒன்றாகி, பிரிந்து, மறுபடி ஒன்றாகின. எது அசைகிறது என்று எனக்கே நிச்சயமில்லை. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, பட்டியலில் இருப்பது உண்மையாக இருந்துவிட்டால் என்று தோன்றியது. காலையிலிருந்து என்னை யாரும் தொடவில்லையே?

பின்னால் குடம் விழுந்து உருண்டது.

வாசற்படியில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், புடவையெல்லாம் ஈரம். கத்தவில்லை. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

“வந்துட்டியா தாயே! கூப்பிட்ட குரலுக்கு வருவேன்னு எனக்குத் தெரியும்.”

“எந்திரிங்க! நான் ஹேமா. ஹவுஸ் ஓனர் பொண்ணு. சிங்கப்பூர்லேர்ந்து வரேன்.”

அவள் தலையைத் தூக்காமலே, “அங்கல்லாம்கூடப் போவியாம்மா?” என்றாள்.

என்ன சொன்னாலும் அவளுக்கு அது அருள்வாக்காகவே விழுந்தது. ‘தண்ணி குடுங்க’ என்றேன், கற்பூரத்தை எடுக்க ஓடினாள். வேறு வழியில்லாமல் அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அப்பா, நான் உயிரோடதான் இருக்கேன்னு இவங்ககிட்டச் சொல்லுங்க!”

“ஏன், யாரு கேக்குறா?” என்றார் அப்பா. அவர் எப்போதும் வார்த்தையைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர்.

விஷயம் அங்கேதான் இருந்தது. உப்பிலியபுரத்திலிருந்து வீடு பார்க்க வந்த இந்தப் பெண், செல்வி, ‘பிள்ளைங்க எத்தனை பேருங்க?’ என்று கேட்டிருக்கிறாள். ‘ஒரு பையன். ஒரு பொண்ணு இருந்தா. போயிட்டா’ என்று அப்பா சொல்லி, மேலே பார்த்திருக்கிறார். (விமானத்தைச் சொன்னாராம்.) குடிவந்த மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது வேட்டியில் சுற்றிய படம் கிடைத்தது. கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண் வீட்டைக் காக்கும் தெய்வமாவாள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று அவளே எடுத்து மாட்டினாள். மகள் ரம்யாவுக்கு விட்டுவிட்டு வந்த காய்ச்சல் மூன்றாம் நாள் நின்றது. இட்லி வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், வேண்டிக்கொண்டார்கள். சீட்டுக் கொடுக்க வந்தவர், ‘ஹேமலதா யாரு?’ என்று கேட்டபோது செல்வி ஒன்றும் பேசாமல் இந்த அறையைக் காட்டியிருக்கிறாள்.

“எடுத்துப் பரண்ல போடச் சொல்லு” என்று சொல்லி அப்பா போனை வைத்தார்.

செல்வி எழுந்து சுவரில் சாய்ந்தாள். சிரிப்பாள், அல்லது மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்போ ரெண்டு வருஷமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?” என்றாள்.

மின்விசிறி நின்றுபோன அந்த அறையில் இருவரும் ஒரே சமயத்தில் படத்தின் பக்கம் திரும்பினோம். அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தாவணிப் பெண்ணுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, இந்த வீட்டில் என்னைவிட அவளுக்குத்தான் உரிமை அதிகம் என்று அந்த நேரத்தில் சத்தியமாகத் தோன்றியது.

அப்போது நான் செய்ததுதான் இன்றைக்கும் வெட்கம். கைக்கடிகாரத்தைப் பார்த்து, “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க. நேரமாகுது, சாவடிக்கு வந்து நான் உயிரோட இருக்கேன்னு சொல்லிடுங்க” என்றேன்.

அவள் சுவரில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நான் வந்து சொல்லிட்டா தெருவே சிரிக்குங்க” என்றாள் கடைசியில். “இந்தத் தாளையெல்லாம் என்னை நம்பித்தான் குத்திட்டுப் போனாங்க.” அதுவரை ‘நீ’ என்று அழைத்தவள் ‘நீங்க’ என்று பேச ஆரம்பித்திருந்தாள். அந்த ஒரு சொல்லில் நான் தெய்வத்திலிருந்து ஹவுஸ் ஓனர் பெண்ணாக இறங்கியிருந்தேன். பிறகு ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவி, “வாங்க” என்று முன்னால் நடந்தாள்.

நாங்கள் போனபோது வளாகத்தில் பாதித் தெரு கூடியிருந்தது. சத்தமில்லாமல் வழிவிட்டார்கள்.

“இவங்களைத் தெரியுமாம்மா?” என்றார் தலைமையாசிரியர்.

“தெரியுங்க சார். ரெண்டு வருஷமா தினம் பேசுவேன்.”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“இவங்கதான் ஹேமலதாவா? உயிரோட இருக்காங்களா?” என்று முரளி குறுக்கே கேட்டார்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். வெகுநேரம் முகத்தையே பார்த்தாள். அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன ஆவேன் என்று பயந்தேன். ஓட்டு போவதைப் பற்றியல்ல அந்தப் பயம். அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். காலையிலிருந்து என்னைத் தொட்ட முதல் கை.

“சூடா இருக்கு சார். இருக்காங்க” என்றாள்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். பெருவிரல் ரேகையும் வாங்கினார்கள். ஆட்சேபம் தள்ளுபடி, இரண்டு ரூபாய் அரசாங்கத்துக்கு. விரலில் மை வைத்தார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் இயந்திரத்தின் முன் நின்றேன்.

அப்போதுதான் தெரிந்தது: யார் யார் நிற்கிறார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை.

மூன்று வருடம் பேசியிருக்கிறேன், கடல் தாண்டி வந்திருக்கிறேன், உயிரோடு இருப்பதை நிரூபித்திருக்கிறேன். வேட்பாளர் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. வரிசையாகப் பெயர்கள், சின்னங்கள், முன்பின் பார்த்திராத முகங்கள். மேலிருந்து கீழ் வரை படித்தேன். மறுபடி படித்தேன். வேர்த்தது. வெளியே முணுமுணுப்பு எழுந்தது. “என்ன, சத்தத்தையே காணோம்?” “உள்ள போனவ மறைஞ்சுட்டாளா?” ஒரு நாற்காலி நகர்ந்தது. தலைமையாசிரியர் நடுங்கும் குரலில், “அம்மா... இருக்கீங்களா?” என்றார்.

“இருக்கேன் சார்!” என்று கத்தி, ஒரு பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் நீளமாகக் கூவியது. யாருக்குப் போட்டேன் என்பது ரகசியம். (எனக்கும்தான்.)

வெளியே முரளி காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டார். போகத் திரும்பியவர் நின்று, குரலைத் தாழ்த்தி, “தம்பி பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையிலேயே நிக்குதுங்க. கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி ஸ்டூலைப் போட்டு ஏறினாள், படத்தைக் கழற்ற. கை பாதி வழியில் நின்றது. “இருந்துட்டுப் போகட்டுங்க” என்றேன். “மாலையை மட்டும் எடுத்துடுங்க. உயிரோட இருக்கேனில்ல.”

“உயிரோட இருக்கிற சாமிக்கு மாலை போட மாட்டாங்களா?” என்றாள் செல்வி. இரண்டு தட்டு இட்லி கொடுத்தாள். படத்துக்கு முன்னால் வைக்காமல் என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி விசாரிக்க, அவருடைய தாய்மாமாவை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார்கள். மாமா சந்து முனையில் பூக்காரம்மாவிடம் பெயரைச் சொல்லி, ‘பொண்ணு எப்படி?’ என்று கேட்டிருக்கிறார்.

“வெள்ளிக்கிழமையாப் பார்த்துப் போங்க” என்றாளாம் அவள். “ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போங்க. கோவம் கொஞ்சம் உண்டு. ஆனா மனசாரக் கேட்டா, கேட்டதைக் குடுக்கும்.”

நிச்சயதார்த்தத்தன்று மாமா என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கணவர் இந்தக் கதையை எந்த விருந்தாளியிடமும் சொல்லாமல் விட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும் கைகூப்பி, “தாயே, ஒரு காப்பி” என்பார்.